சிறுநீரகமும் மூலிகையும்



இனிப்பு நீர் வியாதி நாளடைவில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதை நாம் அறிவோம். மலேசியாவில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குவோரில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இவ்வியாதியே காரணம். “இதற்கு மூலிகையில் மருந்து உண்டா?” என்று தங்கா பத்து வட்டாரத்தில் நம் கடைக்கு வருவோர் கேட்டால், நாம் விஷயம் தெரிந்து பதில் சொல்ல வேண்டும்.

மூலிகையிலிருந்து மருந்து பிறந்தது உண்மையே. 1835-ஆம் ஆண்டு ஐரோப்பிய ரசாயன நிபுணர்கள் ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து ஃப்ளோரிசின் என்னும் கசப்புப் பொருளைப் பிரித்தெடுத்தனர். சிறுநீரகம் வடிகட்டிய சர்க்கரையை இரத்தத்துக்கே திருப்பிவிடும். இப்பொருள் அதைத் தடுத்துச் சிறுநீரோடு வெளியேற்றும். ஆனால் வாய்வழி உட்கொண்டால் இது குடலிலேயே சிதைந்துவிடும். ஆகவே அதன் அமைப்பைத் திருத்திக் கானகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் முதலிய மாத்திரைகளைச் செய்தனர். 2019-இல் வெளியான, 4,401 நோயாளிகளிடம் நடந்த ஆராய்ச்சியில், கானகிளிஃப்ளோசின் உண்டவர்களுக்குச் சிறுநீரகம் செயலிழத்தல் உள்ளிட்ட கேடுகள் 30 சதவீதம் குறைந்தன. பட்டை மாத்திரையாக 170 ஆண்டுகளுக்கு மேலாயிற்று!

மஞ்சளிலுள்ள குர்குமின், மரமஞ்சளிலுள்ள பெர்பெரின் ஆகியவை எலிகளிடம் நற்பலன் காட்டியுள்ளன. மனிதரிடம் நடந்தவை சிறு சோதனைகளே. அவை சிறுநீரகத்தைக் காக்கும் என்று உறுதி கூற இது போதாது.

தீங்கும் உண்டு. 1990-களின் தொடக்கத்தில், பெல்ஜியம் நாட்டில் உடல் இளைக்கச் சீன மூலிகை உண்ட பெண்கள் பலர் சிறுநீரகத்தை இழந்தனர். ஆடுதீண்டாப்பாளை இனச் செடியிலுள்ள ஓர் அமிலமே காரணம். நாம் விரும்பி உண்ணும் பெலிம்பிங் பழமும் சிறுநீரகம் கெட்டவருக்கு விக்கல், மனக்குழப்பம், வலிப்பு உண்டாக்கி, உயிரையே பறிக்கலாம்.

வியாபாரிகளான நாம் மேற்கொள்ள வேண்டியவை:

1. நீரிழிவையும் சிறுநீரக நோயையும் குணமாக்கும் என்று மருந்தை விளம்பரம் செய்வதை 1956-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

2. பாரம்பரிய மருந்தில் ‘மால்’ எனத் தொடங்கி ‘டி’ என முடியும் பதிவெண் இருந்தாலன்றி விற்கலாகாது.

3. கஷாயத்தை நம்பி மாத்திரையை நிறுத்தும்படி எவரிடமும் சொல்லலாகாது. கஷாயம் குடிப்பவர் அதை டாக்டரிடம் மறைக்கவும் கூடாது.

4. சிறுநீரகக் கேடு ஆரம்பத்தில் வலி காட்டாது. நீரிழிவுள்ளோர் வருஷந்தோறும் சிறுநீரில் அல்புமின் இருக்கிறதா என்று சோதித்தறிய வேண்டும்.

நம்மை நம்பி வருபவரின் உடல்நலம் நம்மிடம் வைத்த அமானிதம். அதை ஒரு புட்டி லேகியத்தின் லாபத்துக்காக இழக்கலாமா?