மிஞ்சிய கருவும் நம் கையெழுத்தும்

வேதபாடம்: சங்கீதம் 139:13-16

பிள்ளைக்காக டெஸ்ட் டியூப் சிகிச்சைக்குப் போகிற தம்பதிகள் நம்ம காரைக்குடியிலும் உண்டு. மிஞ்சுகிற கருவை 10 வருஷம் வரை உறைய வைக்கலாம். பிறகு அழியவிடணும், அல்லது தம்பதியின் சம்மதத்தோடு ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம் என்கிறது 2021-ம் ஆண்டுச் சட்டம். ஆராய்ச்சியில் ஸ்டெம் செல் எடுத்தால் கரு அழிந்துபோகும்.

"வியாதியஸ்தர் பிழைப்பாங்களே?" என்பீர்கள். நியாயம்தான். ஆனால் வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நடக்கிறது. அதுவும் ஸ்டெம் செல்தான். ஜப்பானின் யமனாகா 2007-ல் மனிதத் தோல் செல்லையே கருவின் ஸ்டெம் செல்போல மாற்றிக் காட்டினார். கருவை அழிக்காத வழியும் உண்டு!

தாவீதை உருவாகுமுன்னே கண்ட தேவன் அந்தக் கருவையும் காண்கிறார். ஆகவே, சுமக்க மனதுள்ள அளவுக்கு மட்டும் கரு உண்டாக்கும்படி டாக்டரிடம் முதல்லயே சொல்லுங்க. இருவரும் ஜெபித்துப் பேசி, அப்புறம் கையெழுத்துப் போடுங்க. ஆமென்.