எண்ணுவதை உரைத்தல்

நம் பழைய மாணவருட் பலர் இன்று கணினித்துறையினர். ஆதலின் இப்பொருளை எடுத்துக்கொண்டோம். ஒரு கருவியோ படிவமோ பயன்படுத்த எளிதோவென அறிய, பயன்படுத்துவோரைத் தம் எண்ணத்தை உடனுக்குடன் வாய்விட்டு உரைக்கச் செய்வர். இவ்வாறு உரைப்பதைச் சான்றாகக் கொள்ளும் நெறியை எரிக்சன், சைமன் என்போர் 1980இல் வகுத்துரைத்தனர். கணினி ஆய்வில் 1982இல் கிளேட்டன் லூயிஸ் இதனைப் புகுத்தினார்.

கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் வயலுடைய உழவர் ஒருவர் கைப்பேசியிற் படிவமொன்றை நிரப்புகின்றார் எனக் கொள்வோம். “காணி எவ்வளவு... ஹெக்டேயரோ? எங்கட கணக்கு ஏக்கர்தானே...” என்று நின்றுவிடுகின்றார். பிழை படிவத்தினது. அவர் வாய்விட்டு உரையாதிருப்பின், ‘படிப்பறிவு போதாதவர்’ என்னும் பழி அவர்மேலன்றோ விழும்!

நின்றவிடத்து நாம் விடை கூறலாகாது. “தொடர்ந்து சொல்லுங்கள்” என்பதே அமையும். “ஏன்?” என வினவின், அவர் காரணந் தேடத் தொடங்குவார், எண்ணத்தின் போக்கே மாறிவிடும். திருத்தியே பழகிய ஆசிரியராகிய எமக்கு இம்மௌனம் எளிதன்று. அவர் பேச்சையும் திருத்தலாகாது. மன்னார் வழக்கில் எண்ணுபவரைச் செந்தமிழில் உரைக்கச் சொன்னால் சொல்லைத் தேடுவார், படிவத்தை மறப்பார். சிக்கல் மிகுந்தவிடத்துப் பேச்சு தானே அறுதலும் உண்டு. அவ்விடத்தையும் குறித்துக்கொள்ளல் வேண்டும்.