வேளச்சேரியிலிருந்து வரும் நாய்

கோவில்பட்டி
2.12.2025

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சென்னையைக் காலி செய்துவிட்டுத் தூத்துக்குடிக்கே வருவதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். வரும்போது வேளச்சேரி ப்ளூ கிராஸ் காப்பகத்திலிருந்து வளர்ந்த நாய் ஒன்றையும் கூட்டிவரப் போகிறாயாமே. "குட்டியில எடுத்தாத்தான் ஒட்டும், நீ சொல்லித் தடு" என்று அக்கா எனக்கு உத்தரவு போட்டிருக்கிறாள். நான் தடுக்கப்போவதில்லை. கால்நடைத் துறையில் ஊசியும் கையுமாக வேலை பார்த்தவன் என்ற உரிமையில் சிலதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

குட்டி வளர்ந்து எப்படி ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. மூன்று நான்கு வயது நாயை அப்படியே பார்த்து எடுக்கலாம். ஆனால் பார்க்க வேண்டும். மூலையில் ஒடுங்கிக் கிடக்கிற ஒன்றைக் கண்டு மனசு இளகி, "இதைக் கொடுங்க" என்று கேட்கிறவர்கள்தான் அதிகம். அந்த இரக்கத்துக்கு நன்கொடை எழுதிக் கொடு, போதும். நீங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள், மாடியில் வீடு, பக்கத்து வீட்டில் சின்னப் பிள்ளைகள். இதற்குப் பொருந்துகிற நாயைத் தேடு. அதன் பழைய கதையைக் கிளறாதே. பாதி கற்பனையாகத்தான் இருக்கும். தினமும் அதற்குச் சோறு வைக்கிறவரைப் பிடித்துக் கேள்: தட்டுக்குப் பக்கத்தில் போனால் உறுமுகிறதா, காலைத் தொட விடுகிறதா, தனியாக விட்டால் ஊளையிடுகிறதா? வேறு வேறு நேரத்தில் போய்ப் பார். மாப்பிள்ளையையும் கூட்டிப் போ. பெண்களிடம் குழைந்துவிட்டு ஆண்களைக் கண்டால் பதுங்குகிற நாய்கள் உண்டு.

நம் பக்கத்து ஆட்களிடம் கேட்டால் சிப்பிப்பாறை, கன்னி என்று பெருமை பேசுவார்கள். அவை ஓட நிலம் கேட்கிற நாய்கள். ஆசைக்கு வாங்கிக் கைவிட்ட வெளிநாட்டு இனங்களும் காப்பகங்களில் இருக்கும். ஹஸ்கியைக் கொண்டுவந்து தூத்துக்குடி மே மாத வெயிலில் வேகவைக்காதே. சாதாரண நாட்டு நாய் போதும். காது நுனியில் வெட்டு இருந்தால் ஊனம் என்று நினைக்காதே. கருத்தடை செய்ததற்கான அடையாளம் அது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நாய் பிடிக்கிற வண்டியில் ஏறிய நாய் உயிரோடு திரும்பி வராது. விமானி கேப்டன் சுந்தரம் 1959-ல் ப்ளூ கிராஸைத் தொடங்கினார். கொல்வதால் எண்ணிக்கை குறையாது என்று அவர் மகன் சின்னி கிருஷ்ணா பல வருஷம் வாதாடிய பிறகுதான், 1996-ல் சென்னை மாநகராட்சி கருத்தடைக்கு மாறியது. நாடு முழுமைக்குமான விதி 2001-ல் வந்தது.

இப்போதே கூட்டிவராதே. கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் தூத்துக்குடியில் வெடிக்கிற வெடிக்கு, ஊருக்குப் புதிதாக வந்த நாய் கதவு திறந்த நொடியில் ஓடிவிடும். ஜனவரி நடுவில் எடு. முத்துநகர் எக்ஸ்பிரஸில் முதல் வகுப்புக் கூபே முழுவதும் உங்களுக்கே கிடைத்தால் கூடவே வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் கடைசிப் பெட்டியில் கூண்டுக்குள் தனியாக ராத்திரி முழுவதும் வர வேண்டும். அதற்குக் காரே மேல். 600 கிலோமீட்டர் தூரம், வழியில் நிறுத்தி நிறுத்தி வாருங்கள்.

வந்த முதல் வாரம் சொந்தபந்தம் யாரையும் அழைக்காதே. குளிப்பாட்டாதே, கட்டிப்பிடிக்காதே. காப்பகத்தில் என்ன தின்றதோ அதையே வை. இரண்டு நாள் சரியாகத் தின்னாவிட்டாலும் பதறாதே, தண்ணீர் குடிக்கிறதா என்று மட்டும் பார். தெருவுக்கு இறங்கும்போது கழுத்துப் பட்டையோடு மார்புப் பட்டையும் போடு. உங்கள் தெரு நாய்கள் புது நாயைச் சும்மா விடாது.

கடற்கரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், சென்னைக் காப்பகத்தில் இதை யாரும் உனக்குச் சொல்லப்போவதில்லை. திரேஸ்புரம் பக்கம் வள்ளம் கரை சேர்கிற இடங்களில் கயிற்றை அவிழ்க்கவே கூடாது. இரை மாட்டிய தூண்டில் முள் மணலில் கிடக்கும். நாய் விழுங்கினால் வயிற்றைக் கிழித்து எடுக்க வேண்டி வரலாம். அதைவிடப் பயம் பேத்தை மீன். வலையில் சிக்கினால் விலை போகாது என்று கரையிலேயே வீசிவிடுவார்கள். அதன் ஈரலிலும் சினையிலும் தோலிலும் நஞ்சு உண்டு. காய்ந்தாலும் வெந்தாலும் போகாது. தின்ற நாய்க்கு எச்சில் வடியும், கால்கள் தள்ளாடும், பிறகு மூச்சு நிற்கும். மாற்று மருந்து கிடையாது. வாயில் கவ்வியதைப் பார்த்தாலே மருத்துவமனைக்கு ஓடு. "விடு" என்றால் வாயிலிருப்பதைப் போடப் பழக்கு. மற்ற வித்தைகள் வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகாது.

உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை செய்துவிட்டுக் கொண்டுவா. வெறிநாய்க்கடித் தடுப்பூசியை வருஷம் தவறாமல் போடு.

"ஒத்து வராட்டி திருப்பி விட்டுரலாம்லா" என்று மாப்பிள்ளை சொன்னாராம். காப்பகத்தில் ஒப்படைக்கலாம், தெருவில் விட முடியாது. வளர்ப்பு நாயைக் கைவிடுவது 1960-ஆம் வருஷச் சட்டப்படியே குற்றம். போன ஆகஸ்ட் 22-ல் உச்ச நீதிமன்றமும், தத்தெடுத்த தெருநாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்ப்பது எடுத்தவர் பொறுப்பு என்று சொல்லிவிட்டது. இன்னும் பத்து வருஷம் யார் எங்கே மாற்றலாகிப் போனாலும் நாயும் கூட வரும் என்று அவர் தலையாட்டிய பிறகு காப்பகத்துக் காகிதத்தில் கையெழுத்துப் போடு.

அக்காவிடம் நான் பேசிக்கொள்கிறேன். நாயைத் தேர்ந்தெடுத்ததும் அதன் தடுப்பூசி அட்டையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
மாமா