பாழடைந்த பண்ணையருகே ஒரு பெட்டி

கேள்வி: இங்கிலாந்தில் படிக்கும் மகளைப் பார்க்கப் போகிறேன். டார்ட்மூரில் ‘லெட்டர்பாக்ஸிங்’ செய்யலாம் என்கிறாள். டீன்ஹெட் பண்ணை இருந்த பக்கம் போகலாமா?
– வாசகி, கோவை

பதில்: தாராளமாகப் போங்கள். மறைத்து வைத்த பெட்டியைத் தேடும் இந்த ஆட்டம் பிறந்ததே டார்ட்மூர் மேட்டுநிலத்தில்தான். 1854இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, கிரான்மியர் குளத்தருகே ஒரு பாட்டிலை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தங்கள் பெயர்ச்சீட்டை அதில் போட்டார்கள். பின்னாளில் வந்தவர்கள் தங்களுக்கே எழுதிய தபாலட்டையை விட்டுப்போக, அடுத்து வருபவர் அதை எடுத்துத் தபாலில் சேர்ப்பார். முன்பின் தெரியாதவரை நம்பி நடக்கும் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும்.

இப்போது பாட்டிலுக்குப் பதில் பெட்டி; அதற்குள் ஒரு ரப்பர் முத்திரையும் நோட்டும் இருக்கும். அந்த முத்திரையை உங்கள் நோட்டிலும், உங்களுடையதை அந்த நோட்டிலும் பதிக்க வேண்டும். பெட்டி இருக்கும் இடத்துக்கான குறிப்புகள் பெரும்பாலும் திசைகாட்டிக் கோணங்கள்: இந்தப் பாறைக்குன்று இத்தனை டிகிரி, அந்த மரக்கூட்டம் இத்தனை டிகிரி. எல்லாக் கோணமும் ஒத்துவரும் இடத்தில் நின்று, சுற்றியுள்ள பாறையிடுக்குகளில் தேடுங்கள்.

நீங்கள் கேட்ட டீன்ஹெட் பண்ணைவீடு இடிந்துவிட்டது. தொழுவச் சுவர்களும், கருங்கல் பலகைகள் அடுக்கிய பாலமும் மிஞ்சியிருக்கின்றன. அந்தச் சுவர்களில் ஒரு கல்லைக்கூட நகர்த்தாதீர்கள்! இடிபாடுகளிலும் தொல்சின்னங்களிலும் பெட்டி வைக்கக்கூடாது என்பது விதி. ஆகவே அங்கே தேடுவதும் வீண்.

டார்ட்மூரின் வடக்குப் பகுதியில் ராணுவத் துப்பாக்கிப் பயிற்சி நடக்கும். கிளம்புமுன் பயிற்சி நேரங்களைப் பாருங்கள். சிவப்புக் கொடி பறந்தால் எல்லைக்குள் போகவே வேண்டாம். மூடுபனி சட்டென்று இறங்கும், வரைபடம் கையில் இருக்கட்டும். எடுத்த பெட்டியை அதே இடுக்கில், அதே கல்லால் மூடி வையுங்கள்.