வாயில்லா ஜீவனுக்கு வீடு பார்ப்பது எப்படி?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டவுடன் நம் நண்பர்கள் சூரிய மின்சக்தி, ரோபோ, மின்சாரக் கார் என்று நல்ல தலைப்புகளையெல்லாம் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு மிஞ்சியது நாய். சிரிக்க வேண்டாம். விடுதி மாணவர்கள் ஆறு பேர் சேர்ந்து நான்கு மாதமாக ஒரு நாய்க்கு வீடு தேடினோம். அதில் கற்றுக்கொண்டதையும், கால்நடை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், நாளை உங்களில் யாருக்காவது பயன்படும் என்று பாடமாகவே எழுதுகிறேன்.

ஏன் தேட வேண்டி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2023-ம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, தெருநாயைப் பிடித்துக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, பிடித்த இடத்திலேயே திரும்ப விடுவதுதான் முறை. ஆனால் 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம், கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், விளையாட்டு வளாகங்கள், பேருந்து நிலையங்கள், ரயில் நிலையங்கள் இவற்றிலிருந்து நாய்களை அகற்றிக் காப்பகத்தில் வைக்க வேண்டும், அதே இடத்தில் திரும்ப விடக்கூடாது என்று உத்தரவிட்டது. செய்தியைப் படித்த அன்று இரவு விடுதியில் எல்லோரும் பட்டுவைத்தான் பார்த்தோம். உத்தரவைக் குறை சொல்ல நான் வரவில்லை. கடிபட்ட பிள்ளையின் தாய்க்குத்தான் அதன் அருமை தெரியும். அதே ஆண்டு ஆகஸ்ட் 22-ம் தேதி உத்தரவில், விரும்புகிறவர்கள் உள்ளாட்சியிடம் விண்ணப்பித்து நாயைத் தத்தெடுக்கலாம், எடுத்தால் அது மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு என்றும் இருந்தது. எங்களுக்கு அந்த ஒரு வரிதான் வழி காட்டியது.

பட்டு சாதாரண நாட்டு நாய். செம்மண் நிறம், பெட்டை, வயது இரண்டு இருக்கும். எங்கள் கல்லூரி வாசலில் ஏதோ வண்டி அடித்துப் பின்னங்கால் எலும்பு முறிந்து கிடந்ததைத் தூக்கி வந்து வைத்தியம் பார்த்தோம். கால் சேர்ந்துவிட்டது, லேசான நொண்டல் மட்டும் உண்டு. அடித்தாலும் திருப்பிக் கடிக்காத சாது என்று எல்லோரும் சொல்வார்கள். இந்த 'சாது' என்ற சொல்லில்தான் முதல் பாடம் இருக்கிறது.

நமக்குத் தெரிந்த நாயை நம்மிடம் எப்படி இருக்கிறது என்று மட்டும் பார்த்துவிட்டு, "சார், ரொம்ப சாது" என்று இன்னொருவர் கையில் கொடுக்கக்கூடாது. மெஷின்ஸ் லேபில் மோட்டாரை முதலில் நோ லோடில் ஓட்டுகிறோம், பிறகுதானே லோடு கொடுத்துப் பார்க்கிறோம்? அதுபோல அந்நியர், சின்னப் பிள்ளை, சைக்கிள், குடை, வேறு நாய், கோழி என்று ஒவ்வொன்றாக, தூரத்தில் நிறுத்தி, அவசரப்படாமல் பழக்கிப் பார்க்க வேண்டும். அப்போது பார்க்க வேண்டியது வாலை மட்டுமல்ல. வாலாட்டும் நாயெல்லாம் சந்தோஷமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. உடம்பு தளர்ந்து, இடுப்போடு சேர்ந்து வால் ஆடினால் நல்லது. உடம்பு விறைத்து வால் நுனி மட்டும் ஆடினால் தள்ளி நில்லுங்கள். தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடுவது, மூக்கை நக்கிக்கொள்வது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது எல்லாம் "எனக்குப் பயமா இருக்கு" என்பதற்கு அதன் பாஷை. உறுமினால் அடிக்காதீர்கள். உறுமல் என்பது எச்சரிக்கை. அடித்து அடித்து அதை நிறுத்திவிட்டால், அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமலே பல் பதியும். வலியில் இருக்கும் நாய் எவ்வளவு சாதுவானாலும் கடிக்கும் என்பதையும் மறக்கக்கூடாது.

பட்டு பிள்ளைகளிடம் முதல் மார்க். குடைக்கு மட்டும் பயம். அதையும் மறைக்காமல் ஒரு தாளில் எழுதிவைத்தோம்.

அடுத்தது மருத்துவம். வெறிநோய்த் தடுப்பூசி போடாத நாயை யாருக்கும் கொடுக்காதீர்கள். மனிதருக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம் வரை நாயிடமிருந்துதான் வருகிறது. அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு மருத்துவர் குறித்துக் கொடுக்கும் தேதிகளில் தொடர்ந்து போட வேண்டும். கடியோ கீறலோ பட்டால் உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் ஒன்றும் வைக்கக்கூடாது. எங்கள் ஊரில் இன்றும் "தொப்புளைச் சுத்தி பதினாலு ஊசி" என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாதவர்கள் இருக்கிறார்கள். அது ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய ஊசி. 2004-ம் ஆண்டோடு நம் நாட்டில் நிறுத்தியாகிவிட்டது. இப்போது போடுவது கையில்தான். இதை உங்கள் பாட்டியிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பட்டுவைக் கேட்டவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையில் பின்வாங்கினார்கள்: "பெட்டையா? வேண்டாம்பா." குட்டி போடும், எங்கே கொண்டுபோய் விடுவது என்ற கவலை. நியாயம்தான். நாய் சினைப்பட்டால் சுமார் 63 நாளில் ஈன்றுவிடும். ஆனால் கருப்பையையும் சினைப்பையையும் ஓர் அறுவை சிகிச்சையில் எடுத்துவிட்டால் அந்தக் கவலை ஒழிந்தது. தையல் ஆற பத்துப் பன்னிரண்டு நாள் போதும். நக்கிவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். நாங்கள் பழைய பிளாஸ்டிக் வாளியின் அடியை வெட்டிக் கழுத்தில் மாட்டினோம். பட்டு அதோடு நடந்து வந்ததைப் பார்த்து வாட்ச்மேன் தாத்தாவே சிரித்துவிட்டார். குடற்புழு மருந்து, உண்ணி மருந்து இரண்டும் சேர்த்துக் கொடுத்தாகிவிட்டது. இன்னொன்று, நம் மெஸ் சாம்பாரைப் பாசத்தோடு நாய்க்கு ஊற்றுகிறோமே, அதிலுள்ள வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைக் கெடுக்கும். சாக்லேட்டும் திராட்சையும் விஷம். வேகவைத்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். சாதத்தில் முட்டையோ கொஞ்சம் தயிரோ போதும்.

இனி வீடு. பெண்ணுக்கு வரன் பார்ப்பதைவிடக் கஷ்டம், நண்பர்களே. முதலில் வந்தவர் வாடகை வீட்டுக்காரர். நல்ல மனிதர், ஆனால் வீட்டு ஓனரைக் கேட்கவில்லை. ஓனர் மறுத்தால் பட்டு ரோட்டுக்குத்தான் வரும். அடுத்தவர் லாரி ஷெட் வைத்திருப்பவர். நன்றாகக் குரைக்குமா, ராத்திரி பகல் கட்டியே போடலாமா என்று கேட்டார். பட்டு குரைப்பதை நானே நாலைந்து முறைதான் கேட்டிருக்கிறேன். 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவு, குட்டைச் சங்கிலியில் அளவுக்கு மீறிக் கட்டிவைப்பதையும், எந்நேரமும் கட்டியே கிடக்கும் நாயை நடக்கவிடாமல் இருப்பதையும் குற்றம் என்கிறது. அதைச் சொன்னதும், "நாய்க்கெல்லாம் சட்டமா?" என்று வண்டியைக் கிளப்பிவிட்டார். மூன்றாவது வீட்டில் பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசாகக் கேட்டார்கள். பொமரேனியன் இல்லை என்றதும் போனை வைத்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் கரிசல் காட்டில் ஆட்டுக் கிடை போடுகிறவர். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். லீவுக்குப் போனபோது, வருகிறவர்களிடம் என்னென்ன கேள்வி கேட்பது என்று நான் நோட்டில் இருபது கேள்வி எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "ஏலே, நல்லாப் பாத்துக்கிடுவியான்னு கேட்டா எவன்தான் மாட்டேம்பான்? அவன் வீட்டு ஆடு மாட்டைப் பாரு. அவன் பக்கத்துல போகும்போது தலையை நீட்டுதா, ஒதுங்குதான்னு பாரு." நான் இருபது கேள்வியை நான்காகக் குறைத்தேன். வீடு யாருடையது, பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், இதற்கு முன் வளர்த்த நாய் எப்படிச் செத்தது, ஊருக்குப் போனால் சோறு யார் வைப்பார்கள். மூன்றாவது கேள்விக்கு ஆள் எப்படிப் பதில் சொல்கிறார் என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

நான்காவதாகக் கிடைத்தது அருப்புக்கோட்டைப் பக்கம் கைத்தறி நெய்கிற ஒரு வயதான தம்பதியின் வீடு. எங்கள் மெஸ் அக்காவின் மூலமாக வந்தது. சொந்த வீடு, பகல் முழுக்க இருவரும் தறியில். பழைய நாய் பதினோரு வருஷம் இருந்து கிழப்பருவத்தில் போனது என்று சொல்லும்போது பெரியவருக்குக் குரல் இறங்கிவிட்டது. வாசலில் ஒரு பசு. அவர் எழுந்து போனதும் அது கழுத்தை நீட்டிச் சொறியச் சொன்னது. அம்மாவுக்குத்தான் யோசனை, நாய் முடி பாவு நூலில் ஒட்டுமே என்று. பதினைந்து நாள் வைத்துப் பாருங்கள், சரிப்படவில்லை என்றால் நாங்களே வந்து கூட்டிப்போகிறோம் என்றோம். எந்த வீட்டுக்கும் இப்படித்தான் கொடுக்க வேண்டும். அவர்களுக்கும் சங்கடமில்லை, நாயும் தெருவுக்குப் போகாது.

ஒப்பந்தத் தாளை இங்கிலீஷில் டைப் அடித்தால் கெத்தாக இருக்கும் என்றான் அறை நண்பன். நான் தமிழில் கையாலேயே எழுதினேன். விற்கவோ விட்டுவிடவோ கூடாது, வருடா வருடம் ஊசி, முடியாமல் போனால் எங்களிடமே திருப்பித் தர வேண்டும், நாங்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். ஐந்தாறு வரிதான். சத்தமாக இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். பெரியவர் கைநாட்டு வைத்தார். என் அப்பாவும் கைநாட்டுதான். வாசித்துக் காட்டாத தாளில் வைத்த கைநாட்டால் எங்கள் குடும்பம் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

புது வீட்டுக்குப் போன நாய் முதல் மூன்று நாள் மிரண்டு கிடக்கும், வீட்டின் பழக்கம் பிடிபட மூன்று வாரம், முழுதாக ஒட்டிக்கொள்ள மூன்று மாதம் என்று நாய் வளர்ப்பவர்கள் தோராயமாகக் கணக்குச் சொல்வார்கள். இது தெரியாததால்தான் பலர் நான்காம் நாளே "சரிப்பட்டு வரலை" என்று திருப்பி அனுப்புகிறார்கள். பட்டுவும் இரண்டு நாள் கட்டிலுக்கு அடியிலிருந்து வரவில்லை, சாப்பிடவும் இல்லை. அம்மா போன் செய்து அழாத குறை. யாரும் கூப்பிட வேண்டாம், இழுக்க வேண்டாம், தண்ணீரை மட்டும் பக்கத்தில் வையுங்கள், பட்டு படுத்த சாக்கைத் துவைக்காமல் அப்படியே போடுங்கள் என்றோம். பழைய வாசனை அதற்குத் தெம்பு. மூன்றாம் நாள் இரவு, தறி நின்ற பிறகு, தானாக வந்து தயிர்ச்சாதம் சாப்பிட்டதாம். இப்போது பகலில் தறிக்குழிப் பக்கம் படுத்திருக்கிறது. பாவு நூலுக்குக் குறுக்கே ஒரு பழைய சேலையைத் திரையாகக் கட்டிவிட்டார்கள். பதினைந்து நாள் கெடு முடிந்ததை யாருமே ஞாபகப்படுத்தவில்லை.

பட்டுவின் அடுத்த ஊசித் தேதி எங்கள் பருவத்தேர்வு நேரத்தில் வருகிறது. இரண்டாமாண்டு மெக்கானிக்கல் தம்பிகள் இரண்டு பேர் போய்வர ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். வசூலில் மிச்சமான 340 ரூபாயும், மருத்துவர் கொடுத்த அட்டையின் நகலும் விடுதி அலுவலக அலமாரியில், நீல நிற ஃபைலில் இருக்கின்றன.