மூன்று கற்கள் ஏன் எழும்பின?

கேள்வி: மார்க்கத்தில் சொந்த வீட்டுக்கு வந்து ஒன்றரை வருடமாகிறது. போன கோடையில் பின்வளவில் இன்டர்லொக் கல் பதித்து ஒரு பாட்டியோ போட்டோம். ஊர் முற்றம் மாதிரி இருக்கிறது என்று அப்பாவுக்குச் சரியான சந்தோசம். வெயில் உள்ள நாளெல்லாம் அங்கேதான் கதிரை போட்டு இருப்பார். ஆனால் முதல் பனிக்காலத்திலேயே சுவரோரம் மூன்று கற்கள் எழும்பிவிட்டன. கோடை முடிந்தும் அவை கீழே இறங்கவில்லை. படியடியில் கல்லின் மேல்தோல் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. பெரிய மண்சாடி ஒன்று இரண்டாகப் பிளந்தது. வழுக்கக் கூடாது என்று கணவர் உப்பை அள்ளிக் கொட்டுவார். அப்பா அலவாங்கை எடுத்துக்கொண்டு போய் ஐஸை இடிப்பார். கூடாத கல்லைத் தந்து எங்களை ஏமாற்றிவிட்டார்களா? இந்த முறை பனி விழ முன்னம் என்ன செய்ய வேண்டும்? என் கறிவேப்பிலைக் கன்றுக்கும் ஒரு வழி சொல்லுங்கள்.
– ஒரு வாசகி, மார்க்கம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கல்லில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எழும்பிய கல், உதிரும் தோல், பிளந்த சாடி, மூன்றுக்கும் காரணம் தண்ணீர். உறையும்போது தண்ணீர் ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கும். காய்ந்த கல் மைனஸ் 25இலும் ஒன்றும் ஆகாமல் கிடக்கும்; ஈரம் குடித்த கல்லுக்கு மைனஸ் 5 போதும். ரொறன்ரோப் பக்கத்துக் குளிர் ஒரே நிலையில் நிற்பதுமில்லை. பகலில் பூச்சியத்துக்கு மேலே ஏறும், இரவில் கீழே இறங்கும். உருகும்போது தண்ணீர் இன்னும் கொஞ்சம் உள்ளே போகும், உறையும்போது வெடிப்பை இன்னும் கொஞ்சம் அகட்டும். டிசம்பர் தொடங்கி மார்ச் முடியும்வரை இதுதான் நடக்கும். அதனால் பாட்டியோவைக் குளிருக்கு மூடிக் கட்டுவதைவிட, நிலம் உறைய முன்னம் தண்ணீரை அங்கிருந்து வெளியேற்றுவதுதான் பெரிய வேலை.

முதலில் அந்த மூன்று கற்களைப் பார்ப்போம். சில வருடங்களுக்கு முன் ஒரு நவம்பர் விடியற்காலை, இப்படி எழும்பிய ஒரு கல்லை நான் நெம்பிப் பார்த்தேன். அடியில் இருந்த மண்ணிலிருந்து ஐஸ் ஊசிகள் நெருக்கமாக முளைத்து நின்றன, ஈர்க்குக் கட்டை நிமிர்த்தி வைத்ததுபோல. ஒவ்வொன்றும் அரை விரல் நீளம். கல்லைத் தலையில் தூக்கிக்கொண்டு நின்றவை அவைதான். நுண்ணிய மண் கீழேயிருந்து ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சி மேலே அனுப்ப, அது அடுக்கடுக்காக உறைந்து வளரும். உங்கள் பக்கத்தில் அநேகமான வளவுகளில் அடியில் களிமண். இந்த வேலைக்கு அது வாய்ப்பான மண்தான். இங்கே குளிர் நிலத்துக்குள் நாலடிவரை இறங்கலாம் என்ற கணக்கில்தான் வீட்டு அத்திவாரத்தை 1.2 மீற்றர் ஆழத்துக்குக் கொண்டுபோகிறார்கள். பாட்டியோவுக்கு அப்படி அத்திவாரம் போடுவதில்லை. அதற்குக் காவல், கல்லுக்கு அடியில் இறுக்கிப் போட்ட உடைகல் படைதான். அந்தப் படை தண்ணீரை வடிய விடும் மட்டும் கல் எழும்பாது.

சுவரோரம் என்று எழுதியிருக்கிறீர்கள். மழை பெய்யும் ஒரு நாளில் குடையைப் பிடித்துக்கொண்டு அங்கே போய் நின்று பாருங்கள். கூரைப் பீலியிலிருந்து இறங்கும் குழாய் அந்தக் கற்களின் மேலேயே தண்ணீரைக் கொட்டுகிறதா? பத்தில் எட்டு வீடுகளில் நான் கண்டது அதுதான். குழாய்க்கு ஒரு நீட்டுத் துண்டு பூட்டித் தண்ணீரைப் புல்லுக்குத் திருப்பிவிடுங்கள். பீலிக்குள் கிடக்கும் மேப்பிள் சருகையும் அள்ளுங்கள். அடைபட்ட பீலி வழிந்து அதே இடத்தில்தான் ஊற்றும். பிறகு முற்றத்தின் சரிவைப் பாருங்கள். வீட்டிலிருந்து விலக விலக ஒவ்வோர் அடிக்கும் கால் அங்குலம் தாழ வேண்டும். வீட்டுப் பக்கம் சரிந்திருந்தால் போட்டவரைத் திருப்பிக் கூப்பிடத்தான் வேண்டும், அதில் தயவு தாட்சண்யம் பார்க்காதீர்கள். பேஸ்மென்ட் சுவருக்குள் போகும் தண்ணீர் அது.

நிலம் உறைய இன்னும் நாளிருக்கிறது. குழாயைத் திருப்பிய பிறகு அந்தக் கற்களையும் அவற்றைச் சுற்றி ஒரு வரிசையையும் கிளப்புங்கள். கிளப்ப முன் சோக்கால் இலக்கம் போட்டு வைத்தால் திருப்பி வைக்கும்போது அலைச்சல் இல்லை. அடியில் சேறு கலந்த உடைகல்லை வழித்தெடுத்து, புதிய உடைகல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் குத்தி இறுக்குங்கள். மேலே ஓர் அங்குலம் மணல், அதன்மேல் கற்கள். இடுக்குகளுக்குப் பொலிமெரிக் மணல் போடுவதென்றால் கல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். அன்றும் மறுநாளும் மழை இருக்கக் கூடாது, இரவில் உறையவும் கூடாது. ஒக்டோபரில் அப்படி இரண்டு நாள் கிடைக்கும். கிடைக்காவிட்டால் இப்போதைக்குச் சாதாரண மணலைக் கூட்டி நிரப்பிவிட்டு மற்றதை வசந்தத்துக்கு விடுங்கள். இனி எப்போதாவது மார்ச்சில் ஒரு கல் எழும்பினால் அதைச் சுத்தியலால் தட்ட வேண்டாம். அடியில் ஐஸ் இருக்கும், கல்தான் உடையும். மே மாதத்துக்குள் பல கற்கள் தாமாகவே இறங்கிவிடும்.

உப்பு விஷயத்தில் உங்கள் கணவரோடு நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். படியடியில் தோல் உரிவது அவர் கொட்டிய உப்பால். இன்டர்லொக் கல்லும் கொங்கிறீற்தானே. உப்புத் தண்ணீர் அதன் நுண்துளைகளுக்குள் இறங்கிக் கல்லை எப்போதும் ஈரமாக வைத்திருக்கும், உருகி உறையும் தடவைகளையும் கூட்டிவிடும். மேலும், சாதாரணக் கல்லுப்பு மைனஸ் 10க்குக் கீழே அநேகமாக வேலை செய்வதில்லை. அந்தக் குளிரில் எவ்வளவு கொட்டினாலும் வீண். கல்சியம் குளோரைட் அதைவிடக் கடும் குளிரிலும் உருக்கும், ஆனால் அதுவும் கல்லுக்கு நல்லதில்லை. பனி விழுந்த உடனேயே, மிதிபட்டு இறுக முன்னம், பிளாஸ்டிக் விளிம்புள்ள சவளால் தள்ளிவிட்டால் உப்புக்குத் தேவையே குறைந்துவிடும். வழுக்கும் இடத்தில் கரடுமுரடான மணலைத் தூவுங்கள். உப்புப் போட்டே ஆக வேண்டிய நாளில் ஒரு கையளவு மணிகளைப் பரவலாக விசிறினால் போதும். காய்ந்தபின் மிச்சத்தைக் கூட்டி அள்ளி அடுத்த முறைக்கு வையுங்கள். மார்க்கத்து உப்பில் ஒரு பெரும் பங்கு கடைசியில் ரூஜ் ஆற்றோடு ஒன்ராறியோ ஏரிக்குப் போகிறது. வீதி உப்பு சூழலுக்கு நச்சு என்று கனடிய அரசின் மதிப்பீடு 2001இலேயே முடிவு சொல்லிவிட்டது. நாம் குடிக்கும் தண்ணீரை அந்த ஏரியிலிருந்துதான் எடுக்கிறார்கள்.

அப்பாவின் அலவாங்கை கராஜில் பூட்டி வையுங்கள். ஆனால் அவரிடமிருந்து வேலையைப் பறித்துவிடாதீர்கள். விடிய எழும்பி முற்றம் கூட்டின கை அது, சும்மா இருக்க மனம் வராது. தூள்பனி விழுந்த நாளில் நீண்ட பிடியுள்ள விளக்குமாற்றைக் கொடுங்கள், அதுவே போதும். ஈரப்பனி கனக்கும், அந்த வேலை இளம் ஆட்களுக்கு. முற்றம் முழுவதையும் துப்புரவாக்க வேண்டுமென்றும் இல்லை. நடக்கும் பாதையை மட்டும் வழித்துவிட்டு மற்ற இடத்துப் பனியை அப்படியே விடுங்கள். பனி ஒரு போர்வை மாதிரி. அதன்கீழ் இருக்கும் நிலம் திரும்பத் திரும்ப உருகி உறைவது குறையும். வழித்த பனியைச் சுவரோரம் குவிக்காதீர்கள், உருகினால் வீட்டுக்குள்தான் வரும். வீட்டுச் சுவரில் ஃபேர்னஸின் குழாய்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றின் வாயைப் பனி மூடாமல் ஒவ்வொரு பெரும்பனிக்குப் பிறகும் பார்க்க வேண்டும். அடைபட்டால் காபன் மொனொக்சைட் வீட்டுக்குள் நிற்கும். இதை மறக்கவே கூடாது.

இனி தண்ணீர் ஒளிந்திருக்கும் இடங்கள். வெளிப் பைப்பிலிருந்து ஹோஸைக் கழற்றுங்கள். பேஸ்மென்டில் அந்தப் பைப்புக்கென்று இருக்கும் வால்வைப் பூட்டி, வெளிப் பைப்பைத் திறந்து, உள்ளே வால்வின் பக்கத்திலுள்ள சின்ன மூடியையும் தளர்த்தி மிச்சத் தண்ணீரை வடியுங்கள். வெளிப் பைப்பைத் திறந்தபடியே விடுங்கள். உறையாத வகைப் பைப் என்று விற்பதும் ஹோஸ் பூட்டிக் கிடந்தால் வெடிக்கும். தெரிய வருவது வசந்தத்தில், பேஸ்மென்ட் நனைந்த பிறகுதான். பெரிய குடைக்கு அடியில் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் அடித்தளம் இருந்தால் அதையும் கவிழ்த்து ஊற்றிவிடுங்கள். இரும்பு, அலுமினியக் கதிரைகளின் பொள்ளல் கால்களுக்குள் தண்ணீர் நின்றால் குழாய் நெடுக வெடிக்கும், தலைகீழாகப் பிடித்து வடித்துவிட்டுக் கொட்டிலில் வையுங்கள். மரக் கதிரையைக் கழுவிக் காயவிட்டு, காற்றுப் போகிற மாதிரிப் படங்கு போடுங்கள். பிளாஸ்டிக்கால் இறுக்கிச் சுற்றினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். பார்பெக்யூவின் புரொப்பேன் சிலிண்டரைக் கழற்றினால் வெளியிலேயே நிமிர்த்தி வையுங்கள். வீட்டுக்குள்ளும் வேண்டாம், கராஜுக்குள்ளும் வேண்டாம்.

மண்சாடி பிளந்ததற்கு அதற்குள் விட்ட மண்தான் காரணம். சுட்ட மண் ஈரம் குடிக்கும், உள்ளே நிறைந்த ஈரமண் உறைந்து பருக்கும். சாடிகளைக் காலியாக்கிக் கழுவி, ஒரு கிழமை காயவிட்டுக் கராஜில் கவிழ்த்து வைத்தால் பல வருடம் நிற்கும்.

கறிவேப்பிலைக்கு வருகிறேன். இதை வாசிக்கும்போது கன்று இன்னும் வெளியில் நின்றால் இன்றைக்கே உள்ளே கொண்டுவாருங்கள். இரவுக் குளிர் 10 பாகைக்குக் கீழே இறங்கினாலே அதற்கு ஒத்துவராது. உள்ளே எடுக்க முன் இலைகளின் அடிப்பக்கத்தை வெதுவெதுப்பான தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள், செதில்பூச்சியும் சிலந்திப்பேனும் அங்கேதான் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும். தெற்கு யன்னலோரம் வையுங்கள், சூடு வரும் துவாரத்துக்கு நேரே வேண்டாம். டிசம்பரில் இலை மஞ்சளாகிக் கொட்டும். அதைக் கண்டு பலபேர் தண்ணீரை ஊற்றியே கன்றைக் கொல்கிறார்கள். அது உறங்குகிறது. மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகு கொஞ்சமாக விடுங்கள், உரம் வேண்டாம். வெறும் தடியாக நின்றாலும் நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். தோலுக்கு அடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. விக்டோரியா தின விடுமுறை கழிந்து இரவுகள் சூடான பிறகு வெளியே எடுங்கள். முதல் ஒரு கிழமை நிழலில் வைத்துவிட்டு, அப்புறம் அப்பாவின் கதிரைக்குப் பக்கத்தில் வெயிலுக்கு நகர்த்துங்கள்.