உதிரப் பூச்சும் உயிர்ப் பெயரும்

அச்சிட்ட நூலொன்றிற் பாடத்தைப்பற்றி ஐயந் தோன்றின், தமிழ் பயில்வாராகிய நாம் மூலச் சுவடியை நாடுகின்றோம். அச்சுவடி செல்லரித்து ஒழிந்ததாயின், பதிப்பித்தவர் சொல்லை நம்புவதன்றி வேறு வழியில்லை. உயிர்நூலாரும் இம்முறையினரே என்பதை நம்மிற் பலர் அறிந்திலர் போலும். புதியதோர் உயிரினத்திற்குப் பெயரிடுவோர், எதனைக் கண்டு அப்பெயரிட்டனரோ அதனையே கெடாமற் பேணிப் பொருட்காட்சிச்சாலையில் வைத்தல் வேண்டும். இதனை மூலப்படிவம் எனலாம்.

வண்ணத்துப்பூச்சியாயின் ஊசியிற் குத்தி வைக்கலாம். செடியாயின் தாளில் ஒட்டலாம். குருதியணு ஒன்றனுட் குடிபுகுந்து வாழும் மலேரியா ஒட்டுயிரை எங்ஙனம் வைப்பது? ஒரு துளி உதிரத்தைக் கண்ணாடித் தகட்டில் மெல்லியதாய்ப் பரப்பி, காற்றில் உலர்த்தி, மெத்தில் ஆல்ககாலிற் பதப்படுத்தி, ஜீம்சா சாயம் ஏற்றுகின்றனர். ஒட்டுயிரின் உடல் நீலமாயும் உட்கரு செம்மையாயும் தோன்றும். ஒளியாற் சாயம் வெளிறும். ஈரத்தாற் பூஞ்சணம் பற்றும். உதகையின் மழைக்காலத்தை அறிந்தோர்க்கு இப்பகையின் வலிமையை விரித்துரைத்தல் வேண்டா.

இவ்வாராய்ச்சியோடு நீலகிரிக்குப் பழந்தொடர்புண்டு. 1897 ஆம் ஆண்டு ஏப்ரலில் விடுமுறையில் உதகை வந்த ரொனால்டு ராஸ், சீகூர் மலைச்சரிவை ஆராய்ந்த காலத்தே தாமே மலேரியாக் காய்ச்சலுற்றார். புள்ளியிட்ட சிறகுடைய கொசுவை ஆங்கு அவர் கண்டார். அவ்வாண்டு ஆகஸ்டு 20 ஆம் நாள் செகந்தராபாத்தில், அத்தகைய சிறகுடைய கொசுவின் வயிற்றில் நிறத்துகள் கொண்ட அணுக்களைக் கண்டனர். ராஸ் வெறுஞ்சொல்லை மட்டும் அனுப்பவில்லை. தகடுகளையும் இங்கிலாந்திற்கு அனுப்பினார். மான்சன் முதலியோர் அவற்றைத் தம் கண்ணால் நோக்கி எழுதிய குறிப்புகளுடன் டிசம்பரில் அவர் கட்டுரை வெளிவந்தது.

பின்னர், 1961, 1962 ஆம் ஆண்டுகளில், இராமகிருஷ்ணன், மோகன் என்னும் ஆய்வாளர் நீலகிரியின் நாட்டுக் குரங்குகளிடையே மலேரியா நிலைத்திருத்தலை அறிவித்தனர். அதனைப் பரப்புவது அனாபிலிஸ் எலிகன்ஸ் என்னுங் கொசுவென 1963 இல் உறுதியாயிற்று. பிளாஸ்மோடியம் சைனோமோல்கி, பிளாஸ்மோடியம் இனுயை என்னும் இரண்டும் இக்குரங்குகளின் ஒட்டுயிர்களாகக் குறிக்கப்பெற்றன. இவையோ 1907 இல் கீழ்த்திசைத் தீவுகளின் குரங்குகளைக் கொண்டு இடப்பட்ட பெயர்கள். கடல் கடந்த அவ்வுயிரும் நம் மலையில் உள்ள இவ்வுயிரும் ஒன்றென எதனைக் கொண்டு துணிவது? ஐயம் வீணானதன்று. தென்னிந்திய நாட்டுக் குரங்கின் ஒட்டுயிரைத் தனியினமெனக் கொண்டு 1963 இல் பிரே என்பார் ஷார்ட்டி எனப் பெயரிட்டார். பிற்காலத்தார் அதனை இனுயையுள் அடக்கினர். ஒப்பு நோக்கத் தகடுகள் இல்லாதவிடத்து இத்தகைய வழக்கில் எவர் சொல்லும் வெல்லும், எவர் சொல்லும் தோற்கும்.

மற்றுமோர் இடர்ப்பாடு உண்டு. ஒரே தகடு போதாது. சைனோமோல்கி 48 மணிக்கு ஒரு முறையும் இனுயை 72 மணிக்கு ஒரு முறையும் வளர்ந்து பிளந்து பெருகும். இளமையில் இரண்டும் சிறு மோதிரம்போலவே தோன்றும். முதிர்ந்த பின்னரே, சைனோமோல்கி புகுந்த அணு பருத்துப் புள்ளிகள் கொள்ளுதலும், இனுயை புகுந்த அணு பெரும்பாலும் பருக்காமையும் புலனாம். காலையில் எடுத்த ஒரு தகட்டை மட்டும் வைத்துச் செல்பவர், காவியத்தின் ஓரேட்டை வைத்துச் சென்றவரை ஒப்பர். ஆதலின் விலங்குப் பெயரீட்டு விதிநூல் இத்தகைய நுண்ணுயிர்களுக்குத் தனி வழி வகுத்துள்ளது: ஒன்றோடொன்று நேரே உறவுடைய பல பருவ உயிர்களைக் கொண்ட தகடுகள் யாவும் சேர்ந்து ஒரே மூலப்படிவமாகக் கொள்ளப்படும். முழுமை என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்று இதற்கு ஹபாண்டோடைப் எனப் பெயரிட்டனர். தமிழில் முழுப்படிவம் என நாம் வழங்கினாற் பிழையாகாது.

2000 ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளினின்று நடப்பில் உள்ள விதிப்படி, மூலப்படிவம் இன்னதென வெளிப்படக் குறியாது இடும் புதிய இனப்பெயர் செல்லாது. அது எங்கு வைக்கப்படும் என்பதையும் சொல்லுதல் வேண்டும். இந்நாட்டில் 1916 இல் தோன்றிய இந்திய விலங்கியல் ஆய்வகம் இத்தகைய படிவங்களை ஏற்றுப் பேணுகின்றது. இக்காலத்தார் அதே உதிரத்தில் ஒரு சிறு பங்கை மரபணு ஆய்விற்கெனத் தனியே குளிரிலும் வைக்கின்றனர். தகட்டின் ஓரத்தில் விலங்கின் பெயர், இடம், நாள் இவற்றோடு குருதி எடுத்த மணியும் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். மணி இல்லாத தகட்டில் 48 எது, 72 எது என அறிதல் அரிது.